நேரு பிளேஸில் பழைய லேப்டாப் வாங்கும் முன் கர்னலிடம் கேளுங்கள்

டெல்லிக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் லேப்டாப் நேரு பிளேஸில்தான் அமைகிறது. கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய மெஷின்களைத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். நான் முனிர்காவில் குடியிருக்கிறேன், சர்வர் பராமரிப்பு என் தொழில். அதனால் "அண்ணா, கூட வர்றீங்களா?" என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லோருடனும் போக முடிவதில்லை. கடையில் நான் என்ன பார்க்கிறேன் என்பதை எழுதிவிட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

போவதற்கு முன் ஒரு பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். கடையில் அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவ் உங்களுடையதாக இருப்பது முக்கியம். மெஷினில் ஏற்கெனவே இருக்கும் சிஸ்டத்தில் யார் எதை மாற்றி வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்தான் ஹார்ட்வேரோடு நேரடியாகப் பேசுகிறது. ப்ராசசரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை அது இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது. (பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், மெஷினில் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும்.) ஒன்று, /ப்ராக்/சிபியுஇன்ஃபோ என்ற ஒரே நீளமான கோப்பு. இன்னொன்று, /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு என்ற ஃபோல்டர். அதற்குள் சின்னச் சின்னக் கோப்புகள், பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தகவல். இவை எதுவும் டிஸ்க்கில் இல்லை. நீங்கள் திறக்கும் அந்த நொடியில் கர்னல் பதிலை எழுதித் தருகிறது. அதனால்தான் சிபியுஇன்ஃபோவின் அளவைப் பார்த்தால் 0 என்று இருக்கும், திறந்தால் பக்கம் பக்கமாக வரும். கட்டளை பழக்கமில்லாதவர்கள் ஃபைல் மேனேஜரிலேயே இந்த ஃபோல்டர்களைத் திறந்து பார்க்கலாம். கட்டளை அடிக்கும் டெர்மினலில் என்றால், கோப்பைப் படித்துக் காட்டும் 'கேட்' என்ற கட்டளை போதும். முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்து டேப் தட்டினால் பெயர் தானாக நிரம்பும்.

முதல் கேள்வி, எத்தனை கோர், அதாவது ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள் எத்தனை. பழைய லேப்டாப்பில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சமீபத்தில் ஒரு தம்பியுடன் போனபோது, கடைக்காரர் இன்டெல் ஐ5-6300யு ப்ராசசர் போட்ட மெஷினைக் காட்டி "நாலு கோர்" என்றார். சிபியுஇன்ஃபோவில் 'ப்ராசசர்' என்று தொடங்கும் பத்திகளும் 0 முதல் 3 வரை நாலு இருந்தன. ஆனால் அதே பத்திக்குள் இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 'சிப்லிங்ஸ்' 4, 'சிபியு கோர்ஸ்' 2. அதாவது நிஜ கோர் இரண்டுதான், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் (வேலை வரிசை) ஓட்டுகிறது. உறுதி செய்ய, மேலே சொன்ன /சிஸ் பாதையில் இருக்கும் சிபியு0 ஃபோல்டருக்குள் டோபாலஜி, அதற்குள் த்ரெட்_சிப்லிங்ஸ்_லிஸ்ட். அங்கே '0,2' என்று இருந்தது. 0-ம் 2-ம் ஒரே கோரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பொருள். தம்பி அந்தத் திரையைக் காட்டியதும் பேச்சே இல்லாமல் விலை இறங்கியது. இன்னொன்று: ப்ராசசரின் திறன்களைப் பட்டியலிடும் 'ஃப்ளாக்ஸ்' வரியில் 'எச்டி' இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் ஹைப்பர் த்ரெடிங் ஓடுகிறது என்பதற்கு அது சான்று ஆகாது.

ஃப்ளாக்ஸ் வரியில் மற்றபடி நான் தேடுவது இரண்டு. விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்ட வேண்டுமென்றால் இன்டெலில் 'விஎம்எக்ஸ்', ஏஎம்டியில் 'எஸ்விஎம்'. காணோமா? மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் அணைத்து வைத்திருக்கலாம். அப்படி அணைத்திருந்தால் புதிய கர்னல்கள் இன்டெல் மெஷினில் அந்த ஃப்ளாக்கைக் காட்டுவதில்லை. உள்ளே போய் இயக்கிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டாவது 'ஏவிஎக்ஸ்2', ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் திறன். இன்று பல மென்பொருள்கள் அதை எதிர்பார்க்கின்றன.

இனி சூடு. மே மாதம் 45 டிகிரியைத் தொடும் இந்த ஊரில், பழைய லேப்டாப்புக்கு உண்மையான சோதனை இதுதான். கடைக்குள் ஏசி ஓடும், மெஷின் சமர்த்தாக இருக்கும். மாடி அறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். ஆகவே கடையிலேயே வேலை கொடுத்துப் பாருங்கள். நான் நிற்காமல் எழுதிக்கொண்டே இருக்கும் 'யெஸ்' கட்டளையின் வெளியீட்டை, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் /டெவ்/நல்லுக்குத் திருப்பி, நாலு டெர்மினலில் ஒரே நேரத்தில் ஓடவிடுவேன். பத்து நிமிடமாவது ஓட வேண்டும். "எவ்வளவு நேரம்?" என்று கடைக்காரர் முணுமுணுப்பார், விடாதீர்கள். ஓடும்போதே இரண்டு இடங்களைத் திரும்பத் திரும்பப் படியுங்கள்.

ஒன்று, சிபியு0-க்குள் சிபியுஃப்ரெக், அதில் ஸ்கேலிங்_கர்_ஃப்ரெக். வேகம் கிலோஹெர்ட்ஸில் இருக்கும், கடைசி ஆறு இலக்கத்துக்கு முன் புள்ளி வைத்தால் கிகாஹெர்ட்ஸ். 6300யுவுக்கு அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில், அதாவது வேலை வரும்போது தற்காலிகமாக ஏறும் வேகத்தில், 3.0 வரை. ஆரம்பத்தில் 2900000-ஐ ஒட்டி நின்று, பிறகு கொஞ்சம் இறங்கினால் கவலை வேண்டாம். 2400000-க்குக் கீழே போய் ஏறாமலே கிடந்தால் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, அதே சிபியு0-க்குள் தெர்மல்_த்ராட்டில், அதில் கோர்_த்ராட்டில்_கவுன்ட். சூடு தாங்காமல் ப்ராசசர் தன் வேகத்தை எத்தனை முறை குறைத்துக்கொண்டது என்ற கணக்கு, பூட் செய்ததிலிருந்து ஓடும். இன்டெல் மெஷின்களில்தான் இது கிடைக்கும். மெல்லிய லேப்டாப்பில் எண் சிறிது ஏறுவது சகஜம். ஆனால் பார்க்கும்போதெல்லாம் எகிறிக்கொண்டே போய், வேகமும் அடிப்படைக்குக் கீழே விழுந்தால், ஃபேனில் தூசி அடைத்திருக்கும் அல்லது ப்ராசசரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அந்த மெஷினைச் சுத்தம் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள், மாட்டேன் என்றால் அடுத்த கடை. என்னைப் பொறுத்தவரை, கோர் குறைவான குளிர்ந்த மெஷின், கோர் அதிகமான கொதிக்கும் மெஷினைவிட மேல்.

அதே /சிஸ் பாதையின் சிபியு ஃபோல்டரில் வல்னரபிலிட்டீஸ் என்று ஒரு ஃபோல்டரும் இருக்கும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசசர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானதை ஒட்டிச் சேர்ந்தது இது. 'நாட் அஃபெக்டட்' என்றால் பிரச்சினையே இல்லை, 'மிட்டிகேஷன்' என்றால் கர்னல் அடைத்திருக்கிறது, 'வல்னரபிள்' என்றால் ஓட்டை திறந்தே இருக்கிறது. 6300யுவில் மெல்ட்டவுனுக்கு 'மிட்டிகேஷன்: பிடிஐ' என்று வரும். பிடிஐ என்ற இந்த அடைப்பால் வேகம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. அதற்காக அதை அணைக்கச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள், பேங்க் கணக்கு திறக்கும் மெஷின் அது.

கடையில் படிப்பதோடு சரி. மாற்றுவதெல்லாம் வீட்டுக்கு வந்து லினக்ஸ் நிறுவிய பிறகு. இந்தக் கோப்புகளில் சிலவற்றில் எழுதவும் முடியும், எழுதிய கணமே கர்னல் கீழ்ப்படியும். டெல்லி வெயிலுக்கு நான் சொல்வது டர்போவை அணைப்பது. இன்டெல் மெஷினில் இப்படி:

எக்கோ 1 | சுடோ டீ /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/இன்டெல்_பிஸ்டேட்/நோ_டர்போ

'சுடோ' என்பது ஒரு கட்டளைக்கு ரூட், அதாவது முழு நிர்வாக அதிகாரம் தருவது. 'சுடோ எக்கோ' போட்டு, அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்று வரும். ரூட் அதிகாரம் எக்கோவுக்குத்தான் கிடைக்கிறது, கோப்பைத் திறப்பதோ சாதாரண அதிகாரத்தில் டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் உங்கள் ஷெல். அதனால்தான் நடுவில், தானே கோப்பைத் திறந்து எழுதும் 'டீ'. இதற்குப் பிறகு வேகம் 2.4-க்கு மேல் போகாது, ஆனால் இரவு முழுக்க ப்ராஜெக்ட் ஓடினாலும் ஒரே சீராக இருக்கும். குளிர்காலத்தில் 0 எழுதித் திருப்பிவிடுங்கள்.

சிபியுஃப்ரெக்கில் இருக்கும் ஸ்கேலிங்_கவர்னர் கோப்பில் 'பவர்சேவ்' என்று பார்த்துப் பயந்து 'பர்ஃபார்மன்ஸ்' ஆக்குகிறவர்கள் உண்டு. கர்னலின் இன்டெல்_பிஸ்டேட் பகுதி தானே வேகத்தை நிர்வகிக்கும் மெஷினில் தேவையே இல்லை. அங்கே பவர்சேவ் என்றாலும் வேலை வந்தால் வேகம் ஏறத்தான் செய்யும்.

எழுதிய எதுவும் ரீபூட்டுக்குப் பிறகு நிற்காது. தப்பாக எதையாவது எழுதி மெஷின் தடுமாறினாலும் ஒரு ரீபூட்டில் பழையபடி வந்துவிடும் என்பதால் இது நல்லதே. நிலைக்க வேண்டுமென்றால் /இடிசி/டிஎம்ப்ஃபைல்ஸ்.டி ஃபோல்டரில் 'கான்ஃப்' என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, ஒரே ஒரு வரி எழுதுங்கள்: முதலில் சின்ன 'டபிள்யூ' என்ற ஒற்றை எழுத்து, அடுத்து நோ_டர்போவின் முழுப் பாதை, அடுத்து ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு நாலு சிறு கோடுகள் (- - - -), கடைசியில் 1. எல்லாவற்றுக்கும் இடையே இடைவெளி வேண்டும். ரீபூட் செய்து நோ_டர்போவை மறுபடி படித்துப் பாருங்கள், 1 வர வேண்டும்.