கனடாக் குளிருக்குக் கோட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு ஊரிலேயே நல்ல கோட் ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைக்கும் பெற்றோர் ஏராளம். அக்கறையில் செய்வதுதான். ஆனால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும், மிஞ்சிப்போனால் டிசம்பர் மாத டெல்லிக்கும் போதுமான உடுப்புகள். அவற்றால் பெட்டியில் இடமும் எடையும் போகும். ஜனவரியில் டொரோண்டோவின் தெருவில் அவை தாங்காது. செப்டம்பரில் போய் இறங்குகிறவர்களுக்கு உண்மையான குளிர் தொடங்க இரண்டு மாதமாவது அவகாசம் இருக்கிறது. அந்தக் குளிரைக் கண்டவர்கள் அதற்கென்றே செய்யும் கோட்டை அங்கே போய் வாங்கிக்கொள்வதே நல்லது. ஜனவரியில் போகிறவர்கள் மட்டும், முதல் சில நாட்களுக்கு ஒரு கோட்டை இரவல் தரச் சொல்லி, அங்கே இருக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

எந்தக் கோட்டும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு நம் உடம்பினுடையது. அதை வெளியே போகவிடாமல் காப்பது கோட்டின் உள்ளே அசையாமல் நிற்கும் காற்று. அந்தக் காற்றை அமுக்கினாலும், வெளிக்காற்று புகுந்து அதைக் கலைத்தாலும், ஈரம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் குளிரும். இது மனத்தில் இருந்தால் கடையில் பெரும்பாலான தவறுகளைச் செய்ய மாட்டோம்.

கனமாக இருந்தால் கதகதப்பாக இருக்கும் என்று நம்புவது அவற்றில் முதலாவது. தோல் ஜாக்கெட் நல்ல கனம். காற்றையும் ஓரளவு தடுக்கும். ஆனால் உள்ளே காற்றைப் பிடித்து வைக்க அதில் எதுவும் இல்லாததால் மைனஸ் பத்தில் விறைத்துப்போகும். வாத்து, கூஸ் ஆகியவற்றின் பெரிய இறகுகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தூவியை ‘டவுன்’ என்கிறார்கள். அதை நிரப்பிய கோட் கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆனால் சூட்டை நன்றாகக் காக்கும்.

டவுன் கோட் வாங்குகிறவர்கள் ஏமாறுவது ‘ஃபில் பவர்’ என்ற எண்ணில். 550, 650, 800 என்று லேபிளில் போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது சுமார் 28 கிராம், எத்தனை கன அங்குல இடத்துக்கு உப்பி நிற்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அது தூவியின் தரத்துக்கான அளவு மட்டுமே. கோட்டுக்குள் எவ்வளவு தூவி இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கைக்குள் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளும் மெல்லிய ஜாக்கெட்டிலும் 800 என்று இருக்கலாம். அது அக்டோபருக்கும், பெரிய கோட்டுக்கு உள்ளே போடவும் அருமையான உடுப்பு. அதை மட்டும் நம்பி பிப்ரவரியைக் கழிக்க முடியாது. 600 என்று போட்டு, தாராளமாகத் தூவி நிரப்பிய தடித்த கோட் அதைவிட எவ்வளவோ மேல். தூவி எத்தனை சதவீதம், இறகு எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். 80க்கு 20 என்பது பரவாயில்லை. இறகின் பங்கு ஏற ஏறக் கோட் உப்பாது, தையல் வழியே குத்தவும் செய்யும்.

அடுத்த தவறு, கனடா முழுவதும் ஒரே குளிர் என்று எண்ணுவது. வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரி மைனஸ் 16 டிகிரியை ஒட்டி இருக்கும். காற்று வறண்டிருப்பதால் அங்கே தூவிக் கோட்டுக்கு நிகரில்லை. டொரோண்டோவில் அதே மாதச் சராசரி மைனஸ் நான்கு அளவில்தான். ஆனால் அங்கே ஒரு நாள் வெண்பனி, மறுநாள் உறைமழை, அதற்கடுத்த நாள் கால் வைக்கும் இடமெல்லாம் பனிச்சேறு. தூவி நனைந்தால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், பிறகு சூடு தங்காது. அதனால் டொரோண்டோவுக்கு வெளித்துணி நீரை நன்றாகத் தடுப்பதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாலியெஸ்டர் இழை நிரப்பிய கோட்டை எடுக்கலாம். அது ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும், விலையும் குறைவு, வாஷிங் மெஷினில் போடவும் எளிது. வான்கூவரோ மழை ஊர். ஜனவரியிலும் பெரும்பாலும் சுழியத்துக்கு மேலேதான் இருக்கும். அங்கே போகிறவர் வின்னிபெக் கோட்டை வாங்கினால் வியர்த்து நனைவார். நல்ல மழைக்கோட்டும் உள்ளே ஒரு சூடான ஜாக்கெட்டும் போதும்.

‘மைனஸ் 30 வரை தாங்கும்’ என்று லேபிளில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரணமாகக் கடையில் விற்கும் கோட்டுகளில் அந்த எண் பெரும்பாலும் அந்தந்த நிறுவனமே தன் கணக்கில் வைப்பது. ஒரு நிறுவனத்தின் மைனஸ் 30 இன்னொரு நிறுவனத்தின் மைனஸ் 15 ஆக இருக்கலாம். வேகமாக நடப்பவருக்கும் அசையாமல் நிற்பவருக்கும் குளிர் ஒன்றல்ல. காற்றின் கணக்கு இன்னும் தனி. வெப்பநிலை மைனஸ் பத்து, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் உடம்புக்கு அது மைனஸ் இருபது. இந்தக் ‘காற்றுக் குளிர்’ எண் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகலாம் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. காலையில் கிளம்பும் முன் கைபேசியில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இடுப்போடு நிற்கும் கோட்டை அழகுக்காக வாங்குவதுதான், என் பார்வையில், புதிதாகப் போகிறவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. வீட்டில் ஹீட்டர், வகுப்பில் ஹீட்டர், பஸ்ஸிலும் ஹீட்டர். கோட்டுக்கு உண்மையான வேலை இருப்பது பஸ் நிறுத்தத்தில். டொரோண்டோவின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவின் அகன்ற சாலைகளில், மறைப்புக்கு ஒரு கட்டடம்கூட இல்லாத நிறுத்தங்களில், பஸ் தாமதமானால் பதினைந்து இருபது நிமிடம் அசையாமல் நிற்க நேரும். அப்போது தொடைகளும் நன்றாகக் குளிரும். மெல்லிய ஜீன்ஸ் துணிக்கு மேலே ஏதும் இல்லையென்றால் நெஞ்சில் எவ்வளவு தூவி இருந்தும் பயனில்லை. காரில் போய் வருபவர் குட்டையான கோட் வாங்கலாம். பஸ்ஸை நம்பி இருப்பவருக்குத் தொடையின் பாதிக்காவது கோட் இறங்க வேண்டும். முழங்கால் வரை என்றால் இன்னும் நல்லது. நீளமான கோட்டில் கீழிருந்தும் திறக்கும் இரட்டை ஜிப் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் உட்காரும்போதும் படி ஏறும்போதும் ஜிப் இழுபட்டுச் சீக்கிரமே பிய்ந்துவிடும்.

சைஸ் பார்க்கப் போகும்போது மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். உள்ளே போடப்போகும் தடித்த ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு போங்கள். கோட்டை மாட்டி ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றுங்கள். இரு கைகளையும் முன்னே நீட்டுங்கள்: முதுகில் இறுக்கினால், மணிக்கட்டு வெளியே தெரிந்தால், அது சிறியது. இறுக்கமான கோட் உள்ளிருக்கும் காற்றை அமுக்கிவிடும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் சூடான காற்று கீழ்வழியே வெளியேறும். கைமுனையில், உள்ளே மடங்கியபடி பின்னல் பட்டை இருக்க வேண்டும். ஜிப்பின் மேலோ உள்ளேயோ ஒரு மடிப்புத் துணி ஓட வேண்டும். உலோகப் பற்களின் இடுக்கில் காற்று புகாமல் தடுப்பது அதுதான். ஹுட்டைப் போட்டுக்கொண்டு தலையைத் திருப்பிப் பாருங்கள்: ஹுட்டும் கூடவே திரும்பினால் சரி, கண்ணை மறைத்தால் சாலையைக் கடக்கும்போது ஆபத்து. கையுறை போட்ட கையாலேயே ஜிப்பை இழுத்துப் பாருங்கள். கடைசியாகக் கோட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தையல் கோடுகளின் ஓரத்தில் தூவியே இல்லாமல் பளிச்சென்று ஒளி தெரிந்தால், அந்தக் கோடுகள் எல்லாவற்றின் வழியாகவும் குளிர் இறங்கும்.

ஹுட்டின் விளிம்பில் இருக்கும் ரோமம் அலங்காரம் அல்ல. வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் தோல் அங்கிகளில் அதை வைத்துத் தைத்தார்கள். எதிர்க்காற்றை உடைத்து, முகத்துக்கு முன்னால் சிறிது அமைதியான காற்றை அது நிறுத்துகிறது. செயற்கை ரோமமும், அடர்த்தியாக இருந்தால், அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

எவ்வளவு நல்ல கோட்டும் உள்ளே பருத்திப் பனியன் போட்டால் தோற்றுப்போகும். நமக்குப் பழகிய துணி அது. ஆனால் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், நின்றவுடன் அந்த ஈரம் உடம்பைக் குளிர்விக்கும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ இருக்கட்டும்.

இனி விலை. புகழ்பெற்ற சின்னம் ஒட்டிய கோட்டுகள் ஆயிரம் டாலரைத் தாண்டும். பகுதிநேர வேலையில் வாடகை கட்டும் மாணவருக்கு அது தேவையே இல்லை. டொரோண்டோ குளிருக்கு அதில் நான்கில் ஒரு பங்குக்கே நல்ல கோட் கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாக்ஸிங் டே தள்ளுபடியிலும், அதைத் தொடர்ந்து ஜனவரி, பிப்ரவரியிலும் விலை நன்றாக இறங்கும். முதல் குளிரை இரவல் கோட்டில் சமாளிக்க முடிந்தால் அதுவரை பொறுங்கள். வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய உடுப்புக் கடைகளில் வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அங்கே ஜிப்பை முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். நிரப்பியிருக்கும் பகுதியைக் கையில் இறுக்கிப் பிடித்து விடுங்கள். உடனே உப்பி எழுந்தால் தூவி நலமாக இருக்கிறது. கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் வைத்துவிடுங்கள்.

தூவிக் கோட்டைத் துவைக்கச் சாதாரண சோப்புத் தூளும் துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். அதற்கென்று விற்கும் மிதமான சோப்பு போதும். பிறகு டிரையரில், குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு சுழல விட வேண்டும். பந்துகள் தட்டித் தட்டிக் கட்டிகளை உடைக்கும். வெளித்துணி காய்ந்ததும் எடுத்துவிடாதீர்கள், தூவி காய இன்னும் நெடுநேரம் ஆகும். கோடையில் சூட்கேஸுக்குள் அமுக்கி வைக்காமல் அலமாரியில் தொங்கவிடுங்கள். மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த தூவி மறுபடி முழுதாக எழுவதில்லை.