புகை அலாரத்தை ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் பூட்டாதீர்கள்

போன கிழமை திருகோணமலை உவர்மலையில் ஒரு புது வீடு, வயரிங் முடிகிற நேரம். என்னோடு வேலை பழகும் பொடியன்களில் ஒருவன் புகை அலாரம் பூட்ட ஏணியில் நின்று, ஃபேன் கொக்கியில் இருந்து ஒரு சாண் தள்ளி ட்ரில்லை வைத்துவிட்டான். "தம்பி, இறங்கு" என்று கீழே நின்று கத்தினேன். "வயர் இங்கதானே அண்ணா இருக்குது" என்றான். இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் துளை போட்டதும் அதே இடத்தில்தான். நான் சொன்ன காரணமும் அதுதான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பற்றரி போட மறப்பது, தூசு மூடியைக் கழற்றாமல் மாட்டுவது எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே உண்டு. அந்தத் தாள் நம்முடைய வீடுகளைப் பார்த்து எழுதப்பட்டதில்லை. அதில் இல்லாதவற்றையும், இருந்தும் நாம் கவனிக்காதவற்றையும் சொல்கிறேன்.

ஃபேன் வயரில் அலாரம்

திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவிலும் ஃபேன் நிற்காது. புகை மேலே போய் சீலிங்கில் படர்ந்துதான் அலாரத்துக்குள் நுழைய வேண்டும். மெத்தையோ தலையணையோ தணலாகக் கனியும்போது வரும் புகைக்குச் சூடு குறைவு, அதனால் மெல்லத்தான் ஏறும். முழு வேகத்தில் சுற்றும் ஃபேன் அதைக் கலைத்து அறை முழுக்கப் பரப்பிவிடும். அலாரம் இருக்கும் இடத்தில் போதிய அளவு புகை சேர நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்கக் கட்டிலில் படுத்திருப்பவர் அதைச் சுவாசித்துக்கொண்டிருப்பார். தூங்குகிறவரைப் புகை மணம் எழுப்பும் என்று நம்பியிருக்கவே கூடாது.

ஃபேன் இறக்கையின் நுனியில் இருந்து 90 சென்ரிமீற்றர் தள்ளித்தான் அலாரம் வர வேண்டும். கொக்கியில் இருந்து அளப்பதுதான் பொடியன்கள் விடும் பிழை. 56 அங்குல ஃபேனுக்கு இறக்கையே நடுவில் இருந்து 70 சென்ரிமீற்றர் வரும். ஆக, கொக்கியில் இருந்து 160. பத்தடிக்குப் பத்தடி அறையில் நேர்கோட்டில் அளந்தால் 152இலேயே சுவர் வந்துவிடும். "இடமே இல்லை அண்ணா" என்று இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். மூலையைப் பார்த்துக் கோணலாக அளந்து பாருங்கள். 160இல் ஒரு புள்ளி கிடைக்கும், அங்கிருந்து இரண்டு சுவருக்கும் 39 சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கும். சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் காற்று ஓடாது, புகையும் சுலபமாகப் போகாது. 30 சென்ரிமீற்றராவது விட்டால் நல்லது. அதற்கும் இந்தப் புள்ளி சரியாக வருகிறது. கூட வேண்டியது இரண்டு மீற்றர் வயரும் கொஞ்சம் பொறுமையும்தான்.

இடத்தைவிட எனக்கு இன்னும் எரிச்சல் தருவது கரண்ட் எடுக்கும் விதம். கொக்கியடியில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் வயர், சுவிட்சில் இருந்து ஃபேனுக்கு வருகிற வயர். அதில் அலாரத்தைக் கொடுத்தால் ஃபேனை நிறுத்தும் கை அலாரத்தின் கரண்டையும் நிறுத்துகிறது. அதன் பிறகு அலாரம் உயிரோடு இருப்பது உள்ளே உள்ள சின்னப் பற்றரியை நம்பித்தான்.

உப்புவெளியில் ஒன்பது அறை உள்ள ஒரு விடுதிக்கு நான் அப்படிச் செய்துவிட்டேன். ஒன்பது அறையிலும் ஃபேன் வயர், ஒன்பதும் கொக்கிக்குப் பக்கத்தில். பொத்தானை அமத்திக் காட்டினேன், எல்லாம் சத்தம் போட்டன, காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மாரி தொடங்கியதும் வெள்ளைக்காரர் வரவு நின்றது, அறைகளைப் பூட்டினார்கள், சுவிட்சுகள் மாதக்கணக்கில் அணைந்தே கிடந்தன. பற்றரிகள் இறங்கி ஒவ்வொன்றாக "கீச்" என்று கத்தத் தொடங்கின. பற்றரி இறங்கிய அலாரம் நிமிடத்துக்கு ஒரு தடவையாவது கத்தும், அதோடு ஆள் தூங்க முடியாது. காவல்காரர் ஒன்பது பற்றரியையும் கழற்றி ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு வைத்தார். அவரில் நான் பிழை சொல்ல மாட்டேன்.

அடுத்த சீசனில் ஒரு குடும்பம் வந்து தங்கியது. ஏசி போட்டார்கள், ஃபேனை அணைத்தார்கள். அந்த நேரத்தில் அலாரத்துக்குக் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி உருகி மெத்தையின் ஓரம் கனிந்திருக்கிறது. பிள்ளை இருமின சத்தத்தில்தான் தாய் எழும்பினார். மூன்று பேரும் நடந்து வெளியே வந்தார்கள். விடிய நான் போனபோது மெத்தையில் ஒரு தாம்பாளம் அளவுக்குக் கறுத்த குழி, சுவரில் இடுப்புயரத்துக்குக் கரி. சீலிங்கில் நான் பூட்டிய அலாரம் மட்டும் வெள்ளையாக, சத்தமே இல்லாமல். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஒன்பது அறைக்கும் காசு வாங்காமல் புதிதாக வயர் இழுத்தேன். அலாரத்துக்கான கரண்ட் எந்தச் சுவிட்சுக்கும் ஊடாக வரக் கூடாது. ஒன்று மெயின் போர்டில் இருந்து தனியாக இழுங்கள். அல்லது விறாந்தை லைற் மாதிரித் தினமும் பாவிக்கும் லைற் லைனில், சுவிட்சுக்கு முன்னாலேயே எடுங்கள். இரண்டாவது முறையில் ஒரு நன்மை உண்டு: அந்த லைனில் ட்ரிப் விழுந்தால் லைற் எரியாது, அன்று இரவே வீட்டில் யாராவது கவனிப்பார்கள்.

தகரத்தின் கீழே

சீலிங் அடிக்காத வீட்டில் தகரத்திலோ அஸ்பெஸ்டோஸ் சீற்றிலோ நேரடியாகப் பூட்டுகிறார்கள். பல அலாரங்கள் 38, 40 பாகைக்குள் வேலை செய்யத்தான் செய்யப்பட்டவை. வைகாசி நடுப்பகலில் தகரத்தின் அடியில் கையை வைத்துப் பாருங்கள், தெரியும். இன்னொன்று, கூரைக்குக் கீழே சூடான காற்று ஒரு பாய் விரித்த மாதிரித் தேங்கி நிற்கும். சூடு குறைந்த புகை அதைத் துளைத்து ஏறாமல் கீழேயே நின்றுவிடும். இப்படியான வீட்டில் கட்டில் இருக்கும் அறையின் உட்சுவரில், அந்தச் சூட்டுக்குக் கீழே பூட்டுவதுதான் என் வழக்கம்.

குசினியும் சாமியறையும்

அடுப்பில் இருந்து 3 மீற்றர் தள்ளுங்கள். மிளகாய் வறுக்கும்போதும் அப்பளம் பொரிக்கும்போதும் கத்துகிற அலாரம் ஒரு மாதத்துக்குள் அலுமாரிக்குள் போய்விடும். விறகடுப்புக் குசினிக்குப் புகை அலாரம் சரிவராது, வெப்ப அலாரம் வேண்டும். அது 58 பாகையளவில் கத்தும். அதையும் தகரத்தோடு ஒட்டிப் பூட்டக் கூடாது.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டில் அலாரத்தைச் சொப்பிங் பையால் கட்டி மூடுகிறார்கள். சனிக்கிழமை காலையிலும் பை அப்படியே இருக்கும். மூன்று வீடுகளில் என் கையாலேயே அவிழ்த்திருக்கிறேன். சத்தத்தைச் சில நிமிடத்துக்கு நிறுத்தும் பொத்தான் உள்ள அலாரமாகப் பார்த்து வாங்குங்கள்.

விறாந்தையில் ஒன்று போதாது.

ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, அறைகளுக்கு வெளியே ஒன்று, மாடி இருந்தால் மாடியிலும் ஒன்று.

புகை அலாரம் வாயுவை அறியாது

2021 கடைசியில் எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகள் நாடு முழுக்க வந்தபோது, பலர் பயந்துபோய் என்னிடம் புகை அலாரம் கேட்டார்கள். வாயுக்கசிவுக்கு அது உதவாது. சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு படியும். அதற்குத் தனிக் கருவி உண்டு. அதைத் தரையில் இருந்து ஒரு அடிக்குள் பூட்ட வேண்டும்.

உப்புக்காற்றும் எறும்பும்

கடலைப் பார்த்த வீடுகளில் பற்றரி தொடும் தகட்டில் பச்சை பூத்துவிடும். புதுப் பற்றரி போட்டும் கத்தினால் அந்தத் தகட்டைப் பாருங்கள், உலர்ந்த துணியால் துடையுங்கள். மழைக்குச் சின்ன எறும்பும் சிலந்தியும் உள்ளே குடியேறும். ஒளியை வைத்துப் புகையைப் பிடிக்கும் அலாரத்துக்கு எறும்பும் ஒன்று, புகையும் ஒன்று, நடுச்சாமத்தில் வீட்டையே எழுப்பிவிடும். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மெல்லிய தூரிகையால் சுற்றிவரத் தட்டுங்கள்.

ஆனால் ஒளியை வைத்துப் பிடிக்கும் அந்த வகையைத்தான் படுக்கையறைக்கு வாங்க வேண்டும். கனிந்து புகைகிற நெருப்பை அதுதான் முந்திப் பிடிக்கும்.

பெயின்ற்

அலாரத்துக்கு மேல் அடிக்காதீர்கள். அடித்துவிட்டால் புதிது வாங்குங்கள்.

பின்பக்கத் திகதி

அலாரத்தின் ஆயுள் அதைச் செய்த நாளில் இருந்து 10 வருடம். கடையில் வாங்கிய நாளில் இருந்து இல்லை.

ஏணியில் நின்று சோதிப்பது

மாதம் ஒரு தடவை பொத்தானை அமத்துகிறார்கள், நல்லது. கீழே நின்று அமத்தும்போது எல்லாருக்கும் கேட்கும். இரவில் கதவைச் சாத்தி, ஏசியோ ஃபேனோ போட்டுக் கட்டிலில் படுத்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் வெளி அலாரத்தை அமத்தட்டும். 3 மீற்றரில் 85 டெசிபல் வருகிற சத்தம் இரண்டு கதவு தாண்டி எவ்வளவு மிஞ்சுகிறது என்று அப்போதுதான் தெரியும். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும்படி இணைக்கும் வகை இதற்காகத்தான் வந்தது.

வயதானவர்களுக்கு அந்தக் கூர்மையான சத்தம் பல தடவை கேட்பதே இல்லை. கனத்த, தாழ்ந்த சத்தம் போடும் அலாரங்கள் உண்டு, நம்முடைய கடைகளில் கிடைப்பது கஷ்டம். உவர்மலை வீட்டில் அம்மம்மா பின்னறையில் தனியாகப் படுப்பவர். அலாரத்தைக் கோணல் அளவில் பூட்டி முடித்து, பொத்தானை அமத்தினோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேத்தியின் கட்டிலை அன்றே அந்த அறைக்கு மாற்றிவிட்டுத்தான் நானும் பொடியன்களும் வெளிக்கிட்டோம்.