தண்ணி கேனில் ஒரு தெப்பம்: மழைக்கு முன்னாடியே கட்டி வைக்க

வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, எர்ணாவூர் பக்கம் இருப்பவர்களுக்கு டிசம்பர் மாதத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015-லும் சரி, 2023 மிக்ஜாம் புயலின்போதும் சரி, படகு வருமா வராதா என்று மொட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தெருக்களில் கைகொடுத்தது லாரி டியூபும் டிரம்மும் தெர்மாகோலும்தான். கிடைத்ததை வைத்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி கட்டினால் கட்டு எப்படி இருக்கும் என்று தெரியும் இல்லையா? அதையே ஆவணி, புரட்டாசியில் காய்ந்த தரையில் உட்கார்ந்து நிதானமாகக் கட்டி வைக்கலாம். பெரிய செலவு இல்லை. கயிறு கட்டத் தெரிந்தால் போதும், அதுவும் தெரியாவிட்டால் கீழே சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நாம் செய்யப்போவது தெப்பம், படகு இல்லை. படகு என்றால் தண்ணீரை வெளியே நிறுத்த வேண்டும். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறினாலோ கதை முடிந்தது. காசிமேட்டில் முந்தி எல்லோரும் கட்டுமரத்தில்தானே கடலுக்குப் போனார்கள், அதில் தண்ணீர் மேலே ஏறும், மரங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி வழியாக இறங்கிப் போய்விடும். நிரம்புவதற்கு அதில் உள்ளே என்று ஒரு இடமே கிடையாது. கேன் தெப்பமும் அதே கணக்குதான். பன்னிரண்டு கேனில் ஒன்று உடைந்தாலும் மற்ற பதினொன்று தாங்கும். அதனால் யூடியூபில் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் தொட்டியிலும் தார்ப்பாயிலும் ஓடம் செய்யக் கிளம்புகிறவர்களை நான் தடுக்கத்தான் பார்ப்பேன்.

எதை மிதவையாக எடுப்பது

20 லிட்டர் தண்ணி கேன். இதுதான் என் தேர்வு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, எத்தனை லிட்டர் தண்ணீரை ஒதுக்குகிறோமோ அத்தனை கிலோவைத் தண்ணீர் தாங்கும். காலி கேன் ஒரு கிலோகூட இருக்காது, ஆக ஒரு கேனுக்கு 19 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு கேனுக்கு 228 கிலோ. இதில் கம்பு, பலகை, நனைந்த கயிறு எல்லாம் சேர்ந்து 50 கிலோ போய்விடும். மீதி 178. அதில் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள், அதாவது 90 கிலோ. ஒரு பெரியவர், அவர் மடியில் ஒரு பை. இல்லையென்றால் இரண்டு பிள்ளைகள். இல்லையென்றால் அரிசி மூட்டையும் குடிதண்ணீரும். "இன்னும் ஒரு ஆள் ஏறலாமே" என்று யாராவது சொல்வார்கள், அந்த மீதிப் பாதி எதற்கென்றால் அவர் ஒரு ஓரமாக உட்காரும்போது தெப்பம் அந்தப் பக்கம் அமுங்காமல் இருக்கத்தான்.

கேன் போடுகிற அண்ணனிடம் மழைக்கு முன்பே சொல்லி வைத்தால், கீறல் விழுந்து புழுதி படிந்து வியாபாரத்துக்கு ஆகாத பழைய கேன்களை எடுத்துத் தருவார். கீறல் பரவாயில்லை, விரிசல்தான் ஆகாது. வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து அடிப்பாகத்தையும் கழுத்தையும் பாருங்கள், முடி போல ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

200 லிட்டர் நீல டிரம் கிடைத்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். தூக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் நம் சந்துகளில் அது திரும்பாது, வீட்டில் வைக்கவும் இடம் இருக்காது. அப்படியும் எடுப்பதென்றால் லாரித் தண்ணீர் பிடிக்க வாய் அகலமாக வெட்டிய டிரம் உதவாது, மேலே சின்ன மூடி மட்டும் உள்ளதாகப் பாருங்கள். காயலான் கடையில் எடுக்கும்போது "அண்ணே, இதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். நம் பக்கம் கெமிக்கல் கம்பெனிகளில் இருந்து வரும் டிரம் நிறைய. ஆசிட், பூச்சிமருந்து என்று பதில் வந்தாலோ, ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தாலோ வேண்டவே வேண்டாம்.

தெர்மாகோல்? சாக்கில் சுற்றிய தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களை நம் கரையிலேயே பார்த்திருப்பீர்கள், அவர்களுக்குத் தண்ணீரும் காற்றும் அத்துப்படி. நமக்கு அதில் இரண்டு தொல்லை. எடை இல்லாததால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், 2017-இல் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் என்ன ஆனது என்று உலகமே சிரித்ததே. இரண்டாவது தொல்லை வடசென்னைக்கென்றே இருப்பது. பெட்ரோல், தின்னர் போன்றவை பட்டால் தெர்மாகோல் கரைந்து கூழாகிவிடும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் படர்ந்து நின்றதைப் பார்த்த பிறகு வெள்ளத் தண்ணீரில் என்ன கலந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? லாரி டியூப் நல்லதுதான், ஆனால் ஒரு முள்கம்பி பட்டால் போச்சு.

மற்ற சாமான்கள்

பந்தல் போடுகிறவரிடமோ சாரம் கட்டுகிறவரிடமோ சவுக்குக் கம்பு கேளுங்கள், மூங்கில் கிடைத்தால் எடை குறையும். ஆறடியில் நான்கு, மூன்றரை அடியில் மூன்று. மேலே போட ஆறுக்கு மூன்று அடி பிளைவுட், அல்லது லாரிகளில் சரக்கு வைத்து வரும் மரப் பேலட்டைப் பிரித்த சட்டங்கள். எனக்குப் பேலட் சட்டம்தான் பிடிக்கும், இடையில் சந்து விட்டு அடித்தால் தண்ணீர் தானாக வடியும். பிளைவுட் என்றால் ஆங்காங்கே ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். பழைய மீன் வலை ஒரு பெரிய துண்டு, பழைய சைக்கிள் டியூப் இரண்டு, கயிறு. கயிறு தேங்காய் நாராக இருந்தால் நனைந்ததும் ஊதிக் கட்டு இறுகும். நைலான் கயிறு பலமானது, ஆனால் வழுக்கும், நனைந்தால் கொஞ்சம் நீளும், அதனால் முடிச்சை இரட்டையாகப் போட வேண்டும்.

கேன் வாயை அடைப்பது

இந்த வேலையில் நேரம் செலவழியுங்கள். மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் ஓட்டிவிடலாம், வாய் கசிந்தால் தெப்பம் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக இறங்கும். கேனுடன் வரும் மூடி தண்ணீர் வெளியே சிந்தாமல் இருக்கச் செய்தது, கேனைப் படுக்கப்போட்டுத் தண்ணீருக்குள் அமுக்கினால் அது தாக்குப்பிடிக்காது.

கேன் உள்ளே நன்றாகக் காய்ந்ததும் மூடியை அழுத்திப் போடுங்கள். அதன் மேல் தடிமனான பிளாஸ்டிக் கவரை இரண்டாக மடித்துக் கழுத்து வரை இழுத்து மூடுங்கள். சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, இழுத்துப் பிடித்துக்கொண்டே கழுத்தைச் சுற்றி ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். இழுக்காமல் சுற்றினால் பிரயோஜனம் இல்லை, டியூப் பாதி அகலத்துக்கு மெலியும் அளவுக்கு இழுபட வேண்டும். கடைசி நுனியை முந்தின சுற்றுக்கு அடியில் சொருகிவிடுங்கள்.

இதை வெயில் ஏறும் முன் காலையிலேயே செய்யுங்கள். உச்சி வெயிலில் மூடினால் உள்ளே சூடான காற்று அடைபடும், தண்ணீரில் போட்டதும் அது குளிர்ந்து சுருங்கி, சின்ன இடைவெளி இருந்தாலும் வெளித் தண்ணீரை உள்ளே உறிஞ்சும்.

அப்புறம் சோதனை. பெரிய தொட்டியிலோ டிரம்மிலோ கேனைத் தலைகீழாக அமுக்கி, கழுத்து முழுக்க முங்கும்படி பிடித்துக்கொண்டு காத்திருங்கள். முதலில் டியூப் மடிப்பில் ஒட்டியிருந்த காற்று நாலைந்து குமிழியாக வரும், அது ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் இருந்து மணி கோத்தது மாதிரி தொடர்ந்து வந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள். கை வலிக்கும், ஏனென்றால் எவ்வளவு ஆழம் அமுக்குகிறீர்களோ அவ்வளவு பலமாகக் கேன் மேலே தள்ளும், முழுக்க முங்கினால் கிட்டத்தட்ட 19 கிலோ. பன்னிரண்டு கேனுக்கும் இதே வேலை, ஒன்றைக்கூட விடக்கூடாது.

சட்டம் கட்டுவது

மூன்று குறுக்குக் கம்புகளைத் தரையில் போடுங்கள்: முன்னால், நடுவில், பின்னால். அவற்றின் மேல் ஆறடிக் கம்புகளை நீளவாக்கில் இரண்டு ஜோடியாக வையுங்கள். ஜோடிக்குள் ஒரு அடி இடைவெளி. கம்புகள் சந்திக்கிற பன்னிரண்டு இடத்திலும் கட்டு.

கட்டு போடத் தெரியாதவர்களுக்கு: கயிற்றின் ஒரு நுனியை ஒரு கம்பில் முடிந்துகொண்டு, இரண்டு கம்பையும் சேர்த்து மேலே ஒருமுறை கீழே ஒருமுறை என்று நான்கு சுற்று. பெரும்பாலானவர்கள் இதோடு முடிச்சுப் போட்டு எழுந்துவிடுவார்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அதே கயிற்றை இரண்டு கம்புக்கும் நடுவில் விட்டு, போட்ட சுற்றுகளையே நெருக்கிப் பிடிக்கிற மாதிரி மூன்று சுற்று, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்துச் சுற்றுங்கள். அந்த நடுச்சுற்றுதான் பிடி. சாரம் கட்டுகிற அண்ணன் யாராவது தெருவில் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள், எழுதிப் புரிய வைப்பதைவிட அது சுலபம்.

இப்போது சட்டம் கவிழ்ந்த நிலையில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு ஜோடிக் கம்பின் மேலும் ஆறு ஆறு கேன்களை அகலவாக்கில் படுக்க வையுங்கள். வாய் உள்பக்கம், அடிப்பாகம் வெளிப்பக்கம், அப்போதுதான் சுவரிலோ கேட்டிலோ இடித்தாலும் மூடிக்கு அடி விழாது. மொத்த அகலம் மூன்றேகால் அடி வரும்.

கேன் வழவழவென்று இருக்கும், அதன் மேல் நேரடியாகக் கயிறு கட்டினால் உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்குத்தான் வலை. ஆறு கேனையும் சேர்த்து வலையைப் போர்த்தி, சுற்றிலும் கம்போடு சேர்த்துத் தைப்பது போலக் கயிற்றால் கோத்து இழுங்கள். கேனுக்கும் கேனுக்கும் நடுவிலும் ஒரு கயிறு போகட்டும். தண்ணீரில் கேன் மேல்நோக்கித்தான் தள்ளும், சட்டத்தோடு தானே அழுந்தி நிற்கும். வலையின் வேலை கேன் பக்கவாட்டில் நழுவாமலும், தெப்பத்தைத் தூக்கும்போது கீழே விழாமலும் பார்த்துக்கொள்வது. இரண்டு பக்கமும் முடிந்ததும் மூன்று பேராகப் பிடித்துப் புரட்டிப் போட்டு, மேலே பலகையைக் கட்டுங்கள். ஆணி அடித்தால் முனை கீழே நீட்டிக்கொண்டு கேனைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, பத்தடி போதும். ஓரமாகச் சுற்றிலும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு.

ஓட்டுவது, ஓட்டக்கூடாதது

தெருவில் தேங்கிய தண்ணீரில் துடுப்பு பெரிதாகத் தேவைப்படாது. ஒருவர் நடந்து இழுக்க, இன்னொருவர் பின்னால் பிடித்துக்கொள்ள, ஆள் நடுவில் உட்கார்ந்து வர வேண்டும். நிற்கக் கூடாது. இழுக்கிறவர் கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது, கையில் மட்டும், சட்டென்று விடும்படி. அவர் கையில் நீளக் கழி ஒன்று கட்டாயம். காலை வைப்பதற்கு முன் கழி தரையைத் தொட வேண்டும், மூடி போன மேன்ஹோலும் மழைநீர் வடிகாலும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. உயிர்காப்பு ஜாக்கெட் இருந்தால் உட்காருகிறவருக்குப் போடுங்கள். இல்லையென்றால் பத்து லிட்டர் மூடிய கேன் ஒன்றைக் கையில் கொடுங்கள், ஜாக்கெட்டுக்கு ஈடாகாது, கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ளவாவது உதவும்.

கரண்ட் நிறுத்தப்பட்டது உறுதியாகத் தெரியாமல் தண்ணீரில் இறங்க வேண்டாம். தெருவோர மின்சாரப் பெட்டி, அறுந்து தொங்கும் வயர் பக்கம் போகவே போகாதீர்கள்.

ஓடுகிற தண்ணீருக்கு இந்தத் தெப்பம் ஆகாது. பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா, கொசஸ்தலை எதிலும் இறக்காதீர்கள். புழலில் உபரிநீர் திறந்தால் அது வடபெரும்பாக்கம், சடையங்குப்பம் வழியாகத்தான் எண்ணூருக்குப் போகும், அந்தப் பக்கத் தெருக்களில் தண்ணீர் நிற்கிற மாதிரித் தெரிந்தாலும் இழுவை இருக்கலாம். ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள், அது ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் வீட்டிலேயே இருங்கள். கணேசபுரம் சப்வே மாதிரியான சுரங்கப்பாதைகளும் கடலும் பேச்சுக்கே இடமில்லை. அங்கெல்லாம் மாட்டிக்கொண்டவர்களுக்கு மாநகராட்சியின் 1913, இல்லையென்றால் 112 என்று போன் போடுவதுதான் வழி.

கட்டி முடித்ததும் முட்டளவுத் தண்ணீர் நிற்கும் முதல் மழையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஆளை ஏற்றாமல் முதலில் நான்கு தண்ணி கேனை நிரப்பி நடுவில் வையுங்கள், அது 80 கிலோ. அரை மணி நேரம் விட்டு நான்கு மூலையும் ஒரே உயரத்தில் மிதக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கே இருக்கிற கேனைக் கழற்றிக் குலுக்கினாலே சத்தம் சொல்லிவிடும்.

வெள்ளம் வடிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவுங்கள், நீங்களும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், காலில் புண் இருந்து, இரண்டு நாளில் இருந்து நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கம்பைப் பிரித்துப் பரண் மேல் போடலாம், கேன்களை வெயில் படாத இடத்தில் வலையோடு தொங்கவிடலாம். அந்தக் கேன்களை மறுபடி குடிதண்ணீர் பிடிக்கக் கொடுத்துவிடாதீர்கள், மார்க்கரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தால் வீட்டில் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.