தோட்டப்புற டவுனில் கார் விற்க வந்திருக்கிற தம்பிகளுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி டவுனில் மைவி கார் வாங்க வருகிறவர் ஷோரூம் கதவைத் திறப்பதற்கு முன்பே உங்களைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்திருப்பார். கோயில் அன்னதானப் பந்தியில் உங்கள் பெயர் எப்படி அடிபடுகிறதோ அப்படித்தான் வியாபாரமும்.

வந்தவுடன் காரைக் காட்ட ஓடாதீர்கள். எந்தத் தோட்டம், யார் ஓட்டப்போகிறார்கள், ஓவர்டைம் இல்லாத மாதத்தில் கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். சம்பளச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு “லோன் கண்டிப்பா கிடைக்கும்ணே” என்று வாயை விடாதீர்கள், பேங்க் சிசிஆர்ஐஎஸ், அதாவது அவருடைய கடன் பதிவைப் பார்த்துவிட்டு முடியாது என்றால் கெட்ட பெயர் பேங்குக்கு இல்லை, உங்களுக்குத்தான்.

கணக்கைத் தாளில் எழுதிக் கொடுங்கள். 45,000 வெள்ளி (ரிங்கிட்) லோன், ஃபிளாட் வட்டி, அதாவது முழுக் கடனுக்கும் கடைசிவரை ஒரே கணக்கில் போடும் வட்டி, வருடம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 9 வருடத்துக்கு மாதம் 529 வெள்ளி சொச்சம், வட்டி மட்டும் 12,150. அதையே 7 வருடத்தில் கட்டினால் மாதம் 648, வட்டியில் 2,700 மிச்சம். அந்தத் தாள் வீட்டுக்குப் போகும், படித்த மகள் போனில் தட்டிப் பார்ப்பாள், சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, பழைய காரை விற்றுவிட்டு வருகிறவரிடம் என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாதவருக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் கழிவு பற்றி நீங்களாகவே சொல்லுங்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் 55 சதவீதக் கழிவு, புது காரும் அவர் பெயரிலேயே இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். கேட்காமலே சொன்னவனை ஜனங்கள் மறப்பதில்லை.

சாவி கொடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். பூசாரி வந்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பாட்டி திருநீறு பூசி முடிக்கும்வரை கூடவே நில்லுங்கள். அப்புறம் 1,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு நீங்களே போன் போட்டு ஞாபகப்படுத்துங்கள்.

நான் பட்டதையும் சொல்கிறேன். தீபாவளிக்குள் வண்டி வந்துவிடும் என்று ஒரு அக்காவிடம் சொல்லிவிட்டேன், ஸ்டாக் வரவில்லை, என்ன பதில் சொல்வது என்று பயந்து அவர் போனையும் எடுக்காமல் விட்டேன். வண்டி பிந்தியதைக்கூட மன்னித்துவிட்டார், போன் எடுக்காததை மட்டும் விடவே இல்லை. அந்தத் தோட்டத்திலிருந்து இரண்டு வருடம் ஒரு ஆள் என்னிடம் வரவில்லை.

ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கு ஆங்பாவ் (அன்பளிப்புப் பண உறை) கொடுக்கலாமா? கொடுங்கள், ஆனால் முன்கூட்டியே பேரம் பேசாதீர்கள், காசுக்காகச் சொல்கிறார் என்று தெரிந்தால் அவர் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள். அதைவிட அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதுங்கள், விசிட்டிங் கார்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, “நம்ம தம்பிதான், வண்டி இவர்கிட்டதான் எடுத்தேன்” என்று மச்சானிடம் அவரே ஆரம்பிப்பார்.