குடோன் லைட் ஒயரிங்: எங்க மிச்சம் பிடிக்கலாம், எங்க கை வைக்கக் கூடாது

புதுச்சேரியில சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், இல்ல கடலூர் குடிகாடு சிப்காட் பக்கம் புதுசா ஷெட் போடறவங்க நிறைய பேர் லைட்ட கடைசியாதான் யோசிக்கிறாங்க. கூரை ஷீட் அடிச்சு சாரமும் பிரிச்சப்புறம் எலக்ட்ரீஷியன கூப்ட்டு "எவ்ளோ ஆவும்ணே"ன்னு கேட்டா, அவர் சொல்ற தொகையில சிசர் லிஃப்ட் வாடகையும் உயரத்துல நின்னு செய்யற கூலியும் சேந்துதான் வரும். கூரையத் தாங்கற இரும்பு ட்ரஸ் ஏத்துறப்ப சாரம் நிக்குதுல்ல, அப்பவே ஒயர் போற பைப்ப ஓட்டி முடிச்சிடுங்க.

அதுக்கும் முன்னாடி ரேக் எங்க வரப்போவுதுன்னு முடிவு பண்ணுங்க. லைட்டு நடைபாதைக்கு மேல வரணும், ரேக் உச்சிக்கு மேல இல்ல. பண்ருட்டி முந்திரி குடோன் மாதிரி மூட்டைய அடுக்கி வெக்கற இடம்னா பரவால்ல, சமமா பரப்பி விடலாம்.

இப்ப கணக்கு. 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம்னு வெச்சிக்கலாம். சரக்கு வெக்கற இடத்துக்கு 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டர்ல விழற வெளிச்சத்தோட அளவு) தாராளம், பேக்கிங் டேபிள் இருந்தா அங்க மட்டும் 300 வர்ற மாதிரி கீழ தனி லைட் போட்டுக்கங்க, அதுக்காக மொத்த குடோனையும் 300 ஆக்க வேணாம். 1800 சதுர மீட்டர பெருக்கு 150, அப்ப 2,70,000 லூமன், அதாவது மொத்தமா தேவைப்படற வெளிச்சம். சுவரு, தூசி, லைட் வயசாகறது எல்லாத்துக்கும் சேத்து 0.56 ஆல வகுத்தா கிட்டத்தட்ட 4,82,000. 150 வாட்ஸ் எல்இடி ஹைபே (உயரமான கூரையில தொங்கற லைட்) ஒண்ணு வாட்டுக்கு 130 லூமன் குடுத்தா 19,500, அதனால 25 வரும், வரிசைக்கு 9ன்னு மூணு வரிசை போட்டு 27 ஆக்கிக்கங்க. மொத்த லோடு 4 கிலோவாட்ட கொஞ்சம் தாண்டும், அவ்ளோதான். முன்னாடி 400 வாட்ஸ் மெட்டல் ஹாலைடு போட்ட காலத்து பழக்கத்துல இன்னும் சிலர் 4 சதுர மிமீ ஒயர்னு கொட்டேஷன் குடுக்கறாங்க, ஏன்னு கேளுங்க.

இதுல பெரிய மிச்சம் டிபி, அதாவது சர்க்யூட்டெல்லாம் பிரியற டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ், எங்க மாட்டறோம்ங்கறதுல இருக்கு. வழக்கமா ஷட்டர் ஓரம் மூலையில மாட்டிடுவாங்க, அங்கேர்ந்து கடைசி லைட்டுக்கு ஒயர் போவுது போவுது போய்க்கிட்டே இருக்கு. அத நீள சுவத்துக்கு நடுவுல மாட்டுங்க. ஒவ்வொரு வரிசையும் நடுவுலேர்ந்து இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணுன்னு பிரியும், வரிசைக்குள்ள தூரமும் பாதி, ஒரு சர்க்யூட் லோடும் பாதி, அதனால அந்த ஓட்டத்துல வோல்டேஜ் டிராப் நாலுல ஒரு பங்குதான். ஸ்விட்ச் ஷட்டர் பக்கத்துல வேணுமேன்னா டிபியில காண்டாக்டர் (சின்ன பட்டன் அழுத்தினா பெரிய லோட ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச்) போட்டு, ஷட்டர் வரைக்கும் மெல்லிசா ஒரு கண்ட்ரோல் கேபிள் இழுத்து புஷ்பட்டன் வெச்சா முடிஞ்சுது.

இப்படி மொத்தம் ஆறு சர்க்யூட், இடது பக்கம் 5 லைட், வலது பக்கம் 4. மூணு ஃபேஸுக்கும் ஆர், ஒய், பின்னு பேரு. முதல் வரிசை இடது ஆர் ஃபேஸ், வலது ஒய். ரெண்டாவது இடது பி, வலது ஆர். மூணாவது இடது ஒய், வலது பி. கூட்டிப் பாருங்க, ஃபேஸுக்கு 9 லைட் கரெக்டா வரும், ஒரு ஃபேஸ் போனாலும் எந்த வரிசையும் முழுசா இருட்டாகாது. 5 லைட்டுக்கு மூணரை ஆம்ப்ஸ் கூட வராது. எல்இடி டிரைவர், அதாவது லைட்டுக்குள்ள கரண்ட்ட மாத்திக் குடுக்கற பாகம், ஆன் ஆகறப்ப ஒரு செகண்டுல சின்ன துளி நேரம் கரண்ட்ட பலமா இழுக்கும், பி கர்வ் எம்சிபி (கரண்ட் கூடினா தானா அணையற ஸ்விட்ச்) போட்டா சும்மா சும்மா ட்ரிப் ஆகும், அந்த இழுப்ப கொஞ்சம் தாங்கற 10 ஆம்ப்ஸ் சி கர்வ் போடுங்க. லோடுக்கு 1.5 சதுர மிமீ காப்பரே போதும்தான், ஆனா அக்னி நட்சத்திரத்துல ஷீட்டுக்கு அடியில இருக்கற சூட்டுல ஒயர் தாங்கற கரண்ட் நல்லாவே குறையும், போதாததுக்கு நாளைக்கு புழுக்கம்னு எவனாவது ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன அதுலயே சொருகுவான். 2.5 போடுங்க. காயில் வழக்கமா 90 மீட்டர் வரும், நீளத்த அதுக்கேத்த மாதிரி வெட்ட முன்னாடியே பேப்பர்ல பிரிச்சிக்கங்க, நடுவுல ஒட்டு போட வேணாம். எர்த்த ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கொண்டு போங்க.

மிச்சம் பிடிக்கறேன்னு கை வைக்கவே கூடாத இடம் நியூட்ரல். "மூணு ஃபேஸுக்கும் ஒரே நியூட்ரல் போதும்ணே, ரெண்டு காயில் மிச்சம்"னு ஒயர்மேன் சொல்லுவார். அந்த ஒரு நியூட்ரல் எங்கயோ லூஸ் ஆச்சுன்னா லைட்டெல்லாம் ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல சீரீஸ்ல (ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா) மாட்டிக்கும், எந்த ஃபேஸ்ல லோடு கம்மியோ அங்க வோல்டேஜ் 300க்கு மேலயும் ஏறும், டிரைவர் வரிசையா புகையும். போதாக்குறைக்கு எல்இடி டிரைவர் கிளப்பற மூணாவது ஹார்மோனிக்ஸ் (மூணு மடங்கு வேகத்துல வர்ற துணை கரண்ட்) நியூட்ரல்ல கழியாது, கூடும். அதனால ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல். அப்பதான் சர்க்யூட்டுக்கு ஒரு ஆர்சிபிஓ (கரண்ட் கசிஞ்சாலும் அணையற எம்சிபி) மாட்டினாலும் ஒழுங்கா வேலை செய்யும். ஆனா டிபிக்கு வர்ற மெயின் நியூட்ரல் லூஸ் ஆனாலும் இதே கதைதான், அந்த ஸ்க்ரூவ வருஷா வருஷம் ஆஃப் பண்ணிட்டு டைட் பண்ணுங்க, நம்ம ஊரு உப்புக் காத்துல டெர்மினல் சீக்கிரம் பச்சை பூத்துடும்.

உப்புக் காத்துன்னதும் சொல்றேன், ஒயர் போற ட்ரேய பளபளன்னு இருக்கற சாதா ஜிஐயில (துத்தநாகம் பூசின இரும்பு) வாங்காதீங்க, உருக்கின துத்தநாகத்துல முக்கி ஹாட் டிப் பண்ணதா கேளுங்க, இல்லன்னா கனமான பிவிசி பைப்பே மேல். டிபிய தரையிலேர்ந்து ஆள் உயரத்துக்கு ஏத்துங்க. 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயல் புதுச்சேரி கிட்ட கரையைக் கடந்தப்ப எங்கெங்க தண்ணி நின்னுச்சுன்னு இந்த ஊர்க்காரங்களுக்கு சொல்லணுமா என்ன. மின்னல் மாதிரி திடீர்னு வோல்டேஜ் எகிறினா தாங்கறதுக்கு சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு டிபியிலயே மாட்டுங்க.

மெயின் பேனல்லேர்ந்து டிபி வரைக்கும் காப்பர் தேவையில்ல, 4 கோர் 10 சதுர மிமீ அலுமினியம் ஆர்மர்ட் (இரும்புக் கவசம் போட்ட) கேபிள் இந்த லோடுக்கு தாராளம், நுனியில அலுமினியத்தையும் காப்பரையும் சேக்கற பைமெட்டாலிக் லக் மட்டும் மறக்கக் கூடாது.

ஒவ்வொரு லைட்டுக்கும் பர்லின்ல (ஷீட்டத் தாங்கற குறுக்குச் சட்டம்) ஒரு சாக்கெட் வெச்சு ப்ளக்ல தொங்கவிடுங்க. லைட் போனா மேல ஏறி கழட்டி வேற மாட்டிட்டு இறங்கிடலாம், ஜங்ஷன் பாக்ஸ பிரிச்சுக்கிட்டு நிக்க வேணாம். கூரையில ஒளி ஷீட் இருந்தா அதுக்கு கீழ வர்ற வரிசைய தனி காண்டாக்டர்ல போடுங்க, பகல்ல அணைச்சே வெக்கலாம்.

வேலை முடிஞ்சதும் லைட் ப்ளக்க எல்லாம் பிடுங்கிட்டு, சர்ஜ் புரொடெக்டரையும் கழட்டிட்டு 500 வோல்ட் மெக்கர் (ஒயரோட இன்சுலேஷன சோதிக்கற மீட்டர்) வெச்சு பாக்கச் சொல்லுங்க, மாட்டி வெச்சு மெக்கர் அடிச்சா டிரைவர் போயிடும். ரீடிங் 1 மெகாஓமுக்கு கீழ வந்தா பணம் செட்டில் பண்ணாதீங்க. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்து போட்ட கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டையும், எந்த எம்சிபி எந்த வரிசைன்னு போட்ட படத்தையும் வாங்கிக்கங்க, படத்த லேமினேட் பண்ணி டிபி கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க.