வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கு மூட்டு வலி வந்தா

ஏற்காட்டு மார்கழி பனியில எங்க பெரியம்மாவுக்கு முட்டியை மடக்கவே முடியல, இதய வால்வு ஆபரேஷன் ஆனதுலருந்து ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறாங்க, அதை சொல்லாமயே கடையில வலி மாத்திரைன்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க. அட்டையை திருப்பிப் பாத்தா அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேந்தது. பாராசிட்டமால்னு பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க, கூட இருக்கறதுதான் வில்லன். அது, டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென் எல்லாமே வயித்தைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், வார்ஃபரினும் சேந்தா கசிவு லேசுல நிக்காது. தனி பாராசிட்டமால் பரவால்ல, ஆனா நாள்கணக்கா போட்டா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற டெஸ்ட் அளவு) ஏறலாம், டாக்டர்கிட்ட அளவு கேட்டுக்கோங்க. வலிக்குதேன்னு வார்ஃபரினை நீங்களா நிறுத்திடாதீங்க.

தைலத்துலயும் மீத்தைல் சாலிசிலேட்னு போட்டிருந்தா தினம் அள்ளித் தேய்க்கக் கூடாது, தோல் வழியா உள்ள போயிடும். மஞ்சள் கேப்ஸ்யூலும் வேணாம் (குழம்பு மஞ்சளுக்கு பயப்பட வேண்டியதில்ல).

பெரியம்மாவுக்கு இப்ப வெந்நீர் பையை துண்டுல சுத்தி 15 நிமிஷம், அப்புறம் நாற்காலியில உக்காந்தே காலை மெதுவா நீட்டி மடக்கறது. மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ ஈறுல ரத்தம் நிக்காம வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, மலைமேல இருக்கறவங்க விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலத்துக்கே வரணும்.