வயிற்றில் குளிர்ச்சியா? சிங்கப்பூர் சீன மருந்துக்கடைக்குப் போகும் முன்

நாள் முழுதும் ஏசி அறை, மதியம் ஐஸ் போட்ட மைலோ, இரவில் ஆறிப்போன பொட்டலச் சோறு. மேல்வயிறு சில்லென்று இருக்கிறது என்று உடன் வேலை செய்யும் சீன நண்பரிடம் சொன்னால், அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் சீன மருந்துக்கடையைத்தான் காட்டுவார். தாராளமாகப் போகலாம். ஆனால் கண்ணில் பட்ட மாத்திரையை வாங்கிவிடாமல், முதலில் சீன மருத்துவரைப் பாருங்கள்.

அவர் நாக்கை நீட்டச் சொல்வார். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். பிறகு கேள்விகள்: வயிற்றை அழுத்தினால் இதமா, வலியா? வெந்நீர் குடித்தால் குறைகிறதா? மலம் இளகிப் போகிறதா? கூச்சப்படாமல் சொல்லுங்கள். மருந்தைத் தீர்மானிப்பதே இந்தப் பதில்கள்தான்.

சீன மருத்துவத்தின்படி வயிறும் மண்ணீரலும் சேர்ந்தே உணவைச் செரிக்கின்றன. அதற்கு ‘யாங்’ எனும் உட்சூடு வேண்டும். குளிர்ச்சி இரண்டு வழிகளில் வரும். ஐஸ் பானமோ குளிர்காற்றோ உள்ளே புகுந்தால் வலி திடீரென இழுத்துப் பிடிக்கும், தொட விடாது. உட்சூடே குன்றியிருந்தால் வலி மந்தமாக நீடிக்கும். வெறும் வயிற்றில் கூடும், கையை வைத்து அழுத்தினால் அடங்கும், நாக்கு வெளுத்திருக்கும். முதலாவதற்குக் குளிரை விரட்ட வேண்டும். இரண்டாவதற்குச் சூட்டை மெல்ல வளர்க்க வேண்டும். நெஞ்செரிச்சலும் வாய்க் கசப்பும் இருந்தால் கதையே வேறு. அதை அவர்கள் பெரும்பாலும் வெப்பம் என்பார்கள்.

சூடு குன்றியவர்களுக்கான ‘லி சோங்’ மாத்திரை சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சீன மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் மருந்து. ஜின்செங், சுக்கு, அதிமதுரம், பைசூ என்ற கிழங்கு, அவ்வளவுதான். குளிரால் வரும் வலிக்கான ‘லியாங் ஃபூ’ சித்தரத்தையும் கோரைக்கிழங்கும் சேர்ந்தது. பெயரைப் பார்த்து மிரளாதீர்கள், பாதிச் சரக்கு நம் நாட்டு மருந்துக்கடையில் இருப்பதுதான். தர்ப்பூசணி, வெள்ளரி, பாகற்காய், பச்சைப்பயறு ஆகியவற்றைக் கொஞ்ச நாள் விடச் சொல்வார். மிளகைத் தடுக்க மாட்டார், அது அவர்களுக்கும் வெப்பப் பொருள்.

மருத்துவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது கட்டாயம். இவர் தரும் மருத்துவ விடுப்புச் சான்றிதழை முதலாளி ஏற்றே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். மலம் கறுத்தாலோ காரணமின்றி எடை குறைந்தாலோ பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். மேல்வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டி மூச்சு அடைத்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.